கருப்பைவாய்ப் புற்றும் அம்பிலிக்கை ஆராய்ச்சியும்

முகவுரை

நோய்கள் இருவகைப்படும். தோன்றிய அன்றே வெப்பத்தாலும் நோவாலும் தம் வரவை அறிவித்து, நோயுற்றாரை மருத்துவர்பால் ஓடச் செய்வன ஒருவகை. ஆண்டுகள் பல உடலினுள்ளே அரவமின்றி உறைந்து, களைதற்கரிய வலிமை பெற்ற பின்னரே வெளிப்படுவன மற்றொருவகை. முன்னையவற்றினும் பின்னையவை கொடியன என்பது யாவர்க்கும் உடன்பாடே. ஆயினும், சற்று ஆழ்ந்து நோக்குவார்க்கு வேறோர் உண்மையும் புலனாகும். ஒளிந்திருக்கும் நோய், தான் ஒளிந்திருக்கும் காலமெல்லாம் நமக்கும் அவகாசம் தருகின்றது. அக்காலத்தில் அதனைத் தேடிக் கண்டுபிடிப்போமாயின், மரமாகு முன்னரே முளையில் கிள்ளி எறிதல் கூடும்.

இவ்வகை நோய்களுள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கது பெண்டிர்க்கு உறும் கருப்பைவாய்ப் புற்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்டிர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 80,000 பெண்டிர் இதனால் மாண்டனர் என்றும் உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகின்றது. புற்றுநோய்களுள் எளிதில் தடுக்கத்தக்கது இது என்று மருத்துவ நூலார் கூறுகின்றனர். எளிதில் தடுக்கத்தக்க நோயால் இத்துணைப் பேர் இறத்தல் என்னை? தடுக்கும் வழி அறியப்படாமையாலோ? அன்று, வழி அறியப்பட்டு ஆண்டுகள் பல ஆயின. அவ்வறிவின் ஒரு பகுதி மேனாட்டு ஆய்வுக்கூடங்களில் பிறந்தது. மற்றொரு பகுதியோ நம் தமிழ்நாட்டுத் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில், நம் அன்னைமாரை ஒத்த பெண்டிர் வாயிலாகவே பெறப்பட்டது. இந்நோய் தோன்றும் முறை, அதன் காரணம் கண்ட வரலாறு, திண்டுக்கல் ஆராய்ச்சி காட்டிய உண்மை, அதனால் நமக்கு உளதாகும் கடப்பாடு என்னும் இந்நான்கனையும் இக்கட்டுரை சுருங்கக் கூறும்.

சொல்லும் பொருளும்

தமிழ் பயிலும் மாணவர்க்குப் பொருளை அறியுமுன் சொல்லை அறிதல் இயல்பு. கருப்பை, தலைகீழாகத் தூக்கிய ஒரு சிறு குடுவையைப் போன்றது. அதன் குறுகிய கீழ்ப்பகுதி கருப்பைக் கழுத்து எனவும், அக்கழுத்தின் திறப்பும் அதனைச் சூழ்ந்த பகுதியும் கருப்பைவாய் எனவும் வழங்கப்படும். புற்று என்பது கறையான் சிறிது சிறிதாக மண்ணைச் சேர்த்து எழுப்பும் மேடு. அடங்காது பெருகும் தசைக் கட்டிக்கு இச்சொல்லை ஆண்ட நம் முன்னோர், அந்நோயின் மெல்லென வளரும் இயல்பை நன்கு கண்டிருந்தனர் என்றே கொள்ளலாம். மேனாட்டாரோ கால்களைப் பரப்பிப் பற்றிக்கொள்ளும் நண்டின் பெயரை இதற்கு இட்டனர். ஒருவர் வளர்ச்சியைக் கண்டனர். மற்றொருவர் பிடியைக் கண்டனர்.

இந்நோய்க்குக் காரணமாகிய நுண்பொருளின் பெயர் மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்பது. பாப்பிலோமா என்பது தோலில் எழும் மரு. வைரஸ் என்னும் இலத்தீன் சொல் நஞ்சு எனப் பொருள்படும். எனவே, மருவை உண்டாக்கும் நச்சு நுண்பொருள் என்பது இப்பெயரின் பொருள். இவ்வினத்தில் 200க்கு மேற்பட்ட வகைகள் உள. அவற்றுட் பல கையிலும் காலிலும் சிறு மருக்களை எழுப்பி அடங்குவன. ஏறத்தாழ 14 வகைகளே புற்றை விளைக்கும் ஆற்றல் உடையன. அவற்றுள்ளும் 16ஆம் எண்ணும் 18ஆம் எண்ணும் பெற்ற இரண்டும் மிகக் கொடியன. உலகிற் காணும் கருப்பைவாய்ப் புற்றுகளுள் நூற்றுக்கு 70 அளவிற்கு இவ்விரண்டே காரணம்.

நூல்களில் இத்துணைப் பெயர்கள் இருப்பினும், நம் ஊர்ப்புறத்துப் பெண்டிர் வாயில் இவ்வுறுப்பிற்குப் பெயரே இல்லை. வெள்ளைபடுதல் என்பர், அடிவயிற்று நோவு என்பர், அதற்குமேல் வினவின், ‘பெண்கள் சமாசாரம்’ என்று கூறி வாய்மூடுவர். பெயரிட்டுக் கூறப்படாத உறுப்பின் நோயை எவரிடம், எச்சொல்லாற் கூறுவது? நோய் ஒளிந்திருத்தற்கு உடலின் ஆழம் ஒரு காரணம். மொழியின் மௌனம் மற்றொரு காரணம்.

காரணம் கண்ட வரலாறு

இந்நோயைப் பற்றிய முதற்குறிப்பு ஆய்வுக்கூடத்திற் கிடைத்ததன்று. இறப்புக் கணக்கிற் கிடைத்தது. 1842ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு வெரோனா நகரின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த ரிகோனி-ஸ்டெர்ன் என்னும் மருத்துவர், கருப்பைப் புற்று மணமான மகளிரிடத்து மிகுந்தும், கன்னித் துறவியரிடத்து அருகியும் காணப்படுதலைக் கண்டு கூறினார். மணவாழ்க்கையின் உடற்கூட்டுறவால் ஏதோ ஒன்று ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குச் செல்லுதல் வேண்டும் என்னும் ஐயம் இவ்வாறு எழுந்தது. அந்த ‘ஏதோ ஒன்று’ யாது என்று அறிய நூறாண்டிற்கு மேற்பட்ட காலம் கழிந்தது.

1970ஆம் ஆண்டினையடுத்த காலத்தே அறிஞர் பலர், அக்கி இனத்தைச் சார்ந்த ஒரு வைரஸே இந்நோய்க்குக் காரணம் எனக் கருதி வந்தனர். செருமானிய அறிஞர் ஹெரால்டு சுர் ஹௌசன் அக்கருத்தை ஏற்றிலர். மருவை எழுப்பும் வைரஸே காரணமாதல் வேண்டும் என அவர் கூறியபோது அதனை ஏற்றோர் சிலரே. அவரும் அவர்தம் ஆய்வுக் குழுவினரும் 1983ஆம் ஆண்டில் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டில் 18ஆம் வகையையும் கருப்பைவாய்ப் புற்றின் தசையிலிருந்தே பிரித்தெடுத்துக் காட்டினர். அதன்பின் ஐயம் அகன்றது. 2008ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசில் வழங்கப்பட்டது.

இனி, அவ்வைரஸ் தொழிற்படும் முறையைக் காண்போம். கருப்பைவாயின் உட்புறத்தை ஒரே வரிசையாக நிற்கும் நெடிய உயிரணுக்கள் போர்த்துள்ளன. புறத்தை அடுக்கடுக்காய் அமைந்த தட்டையான உயிரணுக்கள் போர்த்துள்ளன. இருவகையும் தலைக்கூடும் எல்லையில் ஒருவகை மற்றொருவகையாக மாறிக்கொண்டே இருக்கும். மாற்றம் நிகழும் அவ்விடமே வைரஸ் குடிபுகுதற்கு ஏற்ற இடம். உயிரணு ஒவ்வொன்றிலும், அது வரம்பின்றிப் பெருகாவண்ணம் தடுக்கும் காவற் புரதங்கள் உள. வைரஸோ, ஈ6, ஈ7 எனப்படும் இரு புரதங்களைத் தோற்றுவித்து, ஒன்றால் ஒரு காவலனை அழித்து, மற்றொன்றால் மற்றொரு காவலனைக் கட்டிவிடுகின்றது. காவல் ஒழிந்த வயலில் மாடு புகுந்தாற்போல, உயிரணுக்கள் தடையின்றிப் பெருகத் தொடங்குகின்றன.

எனினும், வைரஸ் புகுந்தார் எல்லார்க்கும் புற்று வந்துவிடும் என்று அஞ்சுதல் வேண்டா. மணவாழ்க்கை நடத்தும் ஆடவர் பெண்டிருள் பெரும்பாலார் தம் வாழ்நாளில் ஒருகாலத்தே இவ்வைரஸைப் பெற்றே தீர்வர். அவருள் நூற்றுக்கு 90 பேரளவில், உடலின் தற்காப்பு ஆற்றலே ஈராண்டிற்குள் அதனை ஒழித்துவிடும். எஞ்சிய சிலரிடத்தே அது நிலைபெற்று, முதலில் புற்றுக்கு முந்திய மாறுபாடுகளையும், நெடுங்காலம் சென்றபின் புற்றையும் விளைக்கின்றது. உடல்வன்மை குன்றாத பெண்ணிடத்து இம்மாற்றத்திற்கு 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். முகவுரையில் அவகாசம் எனக் குறித்தது இந்நெடுங்காலத்தையே.

தேடிக் காணும் முறைகள்

அவ்வவகாசத்தைப் பயன்கொள்ள முதன்முதல் வழி காட்டியவர் கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பாப்பனிக்கொலோ என்பவர். கருப்பைவாயினின்று வழித்தெடுத்த உயிரணுக்களைச் சாயமூட்டி நுண்ணோக்கியில் ஆராயின், புற்றையும் அதற்கு முந்திய மாறுபாட்டையும் காணலாம் என்பதை 1943ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் அவர் நிறுவினார். இம்முறையை ஒழுங்காகக் கையாண்ட செல்வ நாடுகளில் இந்நோயால் இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. ஆயின், நம் ஊர்ப்புறங்கட்கு அது முழுதும் ஏற்புடைத்தன்று. நுண்ணோக்கி வேண்டும், அதனைப் பார்த்து அறியும் வல்லுநர் வேண்டும், முடிவு தெரியுமட்டும் நாட்கள் பல காத்திருத்தல் வேண்டும், பின்னர் அப்பெண்ணை மீண்டும் வரவழைத்தல் வேண்டும். ஒருநாட் கூலியை இழந்து ஒருமுறை வந்தவள் மறுமுறை வருவாள் என்பது என்ன உறுதி?

இவ்விடர்ப்பாட்டை நீக்க எழுந்ததே காடிநீர்ச் சோதனை. அடுக்களையிற் பயன்படும் வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தை நீரிற் கலந்து, அதில் தோய்த்த பஞ்சினால் கருப்பைவாயைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்லொளியில் வெறுங்கண்ணால் நோக்குதலே இதன் முறை. மாறுபட்ட உயிரணுக்களில் புரதம் செறிந்திருத்தலின், கொதிநீரிலிட்ட முட்டையின் வெண்கரு வெளுத்துத் திரைதல்போல அவ்விடம் வெண்மை பெறும். நலமுடைய இடம் தன் இளஞ்சிவப்பு நிறத்திலேயே நிற்கும். பயிற்சி பெற்ற செவிலி இதனைச் செய்யலாம். முடிவும் அப்பொழுதே தெரியும். செலவோ மிகச் சிறிது.

கண்டறிதல் எளிதாயிற்று, ஆயினும் உயிர் காத்தல் உறுதியாயிற்றா? ஒரு முறை அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றுதல் வேறு. அது மெய்யாகவே இறப்பைக் குறைக்கும் என்று நிறுவுதல் வேறு. இவ்வினாவிற்கு விடை காணவே அம்பிலிக்கையில் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது.

அம்பிலிக்கை ஆராய்ச்சி

அம்பிலிக்கை, திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்தை அடுத்துள்ள ஓர் ஊர். அங்குள்ள கிறிஸ்டியன் பெலோஷிப் சமுதாய நல மையத்தாரும், பிரான்சு நாட்டு லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும், சென்னை அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையாரும் கூடி இதனை நடத்தினர். லியோன் நிறுவனத்தைச் சார்ந்த டாக்டர் சங்கரநாராயணன் இதனைத் தலைமையேற்று நடத்தினார். அடையாற்று நிறுவனம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் முயற்சியால் 1954ஆம் ஆண்டில் தோன்றியது என்பது யாவரும் அறிந்ததே.

ஊராட்சிகளை அடிப்படையாகக் கொண்டு 114 தொகுதிகள் வகுக்கப்பட்டன. திருவுளச்சீட்டு இட்டாற்போல, யாருடைய விருப்பு வெறுப்பும் கலவாமல், அவற்றுள் 57 ஒரு பிரிவாகவும், எஞ்சிய 57 மற்றொரு பிரிவாகவும் அமைக்கப்பட்டன. 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்டிரே இதற்கு உரியராயினர். முதற்பிரிவில் 49,311 பேர். மற்றதில் 30,958 பேர். முதற்பிரிவினர்க்கு 2000 முதல் 2003 வரை காடிநீர்ச் சோதனை செய்யப்பட்டது. மற்றைப் பிரிவினர்க்கு அந்நாளில் வழக்கமாகக் கிடைத்துவந்த மருத்துவமே கிடைத்தது.

சோதனைக்கு வந்தவர் 31,343 பேர். அஃதாவது, நூற்றுக்கு 64 பேரளவினர். அவருள் 3,088 பேரிடத்து வெண்மை காணப்பட்டது. அன்னாரைப் பின்னொரு நாள் வருக என்று அனுப்பிவிடாமல், உருப்பெருக்கும் கருவியால் மீண்டும் நோக்குதலும், ஐயமுள்ள இடத்திலிருந்து சிறு தசைத்துணுக்கை எடுத்தலும், வேண்டுவார்க்கு உறைகுளிரால் அத்தீய உயிரணுக்களை அழித்தலும் இயன்றவரை அந்நாளிலேயே செய்யப்பட்டன. இவற்றைச் செய்தவர் இதற்கெனப் பயிற்றப்பெற்ற செவிலியரே என்பது கருதற்பாலது. மருத்துவர் அருகிய நாட்டில், கைதேர்ந்த செவிலி ஒருத்தி எத்துணை உயிர்களைக் காத்தல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

2006ஆம் ஆண்டு முடியுமட்டும் இரு பிரிவினரும் தொடர்ந்து நோக்கப்பட்டனர். முதற்பிரிவில் 167 பேர் புற்றுக்கு ஆளாயினர். 83 பேர் இறந்தனர். தொகையிற் சிறிய மற்றைப் பிரிவிலோ 158 பேர் புற்றுக்கு ஆளாயினர். 92 பேர் இறந்தனர். இரு பிரிவின் தொகையும் வயதும் பிறவும் ஒப்பநோக்கிக் கணக்கிட்டபோது, சோதனை நடந்த ஊர்களில் நோய் தோன்றுதல் நூற்றுக்கு 25 பங்கும், இறப்பு நூற்றுக்கு 35 பங்கும் குறைந்தமை புலனாயிற்று. 30 முதல் 39 வயது வரை உள்ளாரிடத்து இப்பயன் பின்னும் மிகுந்து காணப்பட்டது. வாழ்நாளில் ஒரேயொரு முறை செய்த எளிய சோதனையின் பயன் இது. 2007ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழ் இதனை வெளியிட்டது.

இம்முறைக்குக் குறையே இல்லை என்பதும் உண்மையன்று. கண்ணால் நோக்கி அறிவதாகலின், நோக்குவார் பயிற்சிக்குத் தக்கவாறே முடிவும் அமையும். மாதவிடாய் நின்ற பெண்டிரிடத்து முற்கூறிய எல்லைப்பகுதி உள்ளே சென்று மறைதலின், அவர்க்கு இது போதிய பயன் தாராது. மகாராட்டிரத்தில் இப்பொழுது தாராசிவ் என வழங்கும் உஸ்மானாபாத் மாவட்டத்தில், ஏறத்தாழ அதே காலத்தில் 1,31,746 பெண்டிரிடையே நிகழ்ந்த மற்றோர் ஆராய்ச்சியில், காடிநீர்ச் சோதனையாலும் நுண்ணோக்கிச் சோதனையாலும் இறப்புக் குறைந்ததாக உறுதிப்படவில்லை. ஆனால், வைரஸையே நேரே தேடும் சோதனை செய்யப்பட்ட பிரிவில் இறந்தவர் 34 பேர். சோதனையே இல்லாத பிரிவில் இறந்தவர் 64 பேர். ஏறத்தாழ சரிபாதி! 2009ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு உலகத்தார் கருத்தை மாற்றியது. வைரஸைத் தேடும் சோதனையையே முதன்மையாகக் கொள்க என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் அறிவுறுத்திற்று.

ஆராய்ச்சியும் அறமும்

ஈண்டு ஒரு வினா எழுதல் இயல்பு. சோதனை பெறாத பிரிவில் இறந்த 92 பேரும் யாவர்? அவரும் தாயராய், தமக்கையராய், கணவன்மாரோடு வயலிலும் களத்திலும் உழைத்தவராய் இருந்தவர் அல்லரோ? சீட்டு மாறி விழுந்திருப்பின் அவருட் சிலர் பிழைத்திருப்பர் அல்லரோ? இவ்வாறு வினவி, இந்தியாவில் நிகழ்ந்த இத்தகைய ஆராய்ச்சிகளைக் கடிந்துரைத்த மேனாட்டு மருத்துவரும் உளர். ஆராய்ச்சியாளர், அந்நாளில் இந்நாட்டு ஊர்ப்புறங்களில் இந்நோயைத் தேடும் ஏற்பாடே இல்லை என்றும், ஒரு பிரிவினர்க்கு உள்ளதை மறுத்து எதனையும் பறித்திலம் என்றும், எளிய முறை பயன்படும் என்பதை நிறுவினாலன்றி அரசுகள் அதனை மேற்கொள்ளா என்றும் விடை கூறினர்.

இருபுறமும் உண்மை உண்டு. இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறும் தகுதி மாணவர்க்கு இல்லையாயினும், ஒன்று மட்டும் தெளிவாகத் தோன்றுகின்றது. அவ்வறிவு விலையின்றி வந்ததன்று. ஒப்புநோக்குதற்பொருட்டு நின்ற ஊர்களின் பெண்டிரால் பெற்ற அறிவு அது. அதனைப் பெற்றபின் பயன்படுத்தாது ஏட்டளவில் வைத்திருப்போமாயின், ஆராய்ச்சியாளர்மீது எழுந்த குற்றச்சாட்டினும் பெரிய குற்றச்சாட்டு நம்மீது எழும்.

நாம் அதனைப் பயன்படுத்தினோமா? தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் 2007ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய சோதனைத் திட்டம் பின்னர் மாநிலம் முழுதும் விரிந்தது. இது பாராட்டற்பாலது. ஆயினும், 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்டிருள் ஒருமுறையேனும் இச்சோதனை பெற்றவர் நூற்றுக்குப் பதின்மரும் நிரம்பிலர். இந்தியா முழுதுக்குமோ நூற்றுக்கு இருவர் அளவே.

தடுப்பூசி

தேடிக் களைதலினும் வாராமற் காத்தல் சிறந்ததன்றோ? வைரஸின் மேலுறையை மட்டும், உள்ளே நச்சுக்கூறு சிறிதும் இன்றி, வெறுங்கூடாக ஆக்கும் முறையை 1991ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் இயான் பிரேசரும் சீன அறிஞர் ஜியான் சௌவும் கண்டனர். இவ்வெறுங்கூட்டை உடலிற் செலுத்தின், உடல் பகைவனது சட்டையைக் கண்டே பகைவனை எதிர்க்கப் பயின்றுகொள்ளும். இவ்வடிப்படையில் அமைந்த தடுப்பூசி 2006ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. வைரஸ் புகுந்தபின் இது அதனை ஓட்டாது. ஆதலின் மணப்பருவத்திற்கு முன்னரே போடுதல் வேண்டும். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் இதனை முறையாகப் பெற்று வளர்ந்த பெண்டிரிடத்து இப்புற்று ஒன்றேனும் காணப்படவில்லை என்று 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகின்றது.

தடுப்பூசி வரலாற்றிலும் அம்பிலிக்கைக்கு இடமுண்டு. எத்துணை ஊசிகள் போதும் என்பதை அறிய 2009ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தியாவின் பல இடங்களில் தொடங்கிய ஆராய்ச்சியில் அம்பிலிக்கையும் ஒன்று. அதே காலத்தில் ஆந்திரத்துக் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்து வடோதரா மாவட்டத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்திற் சேர்ந்த சிறுமியர் சிலர் இறந்தனர். அவ்விறப்புகட்கு ஊசி காரணம் எனத் தோன்றவில்லை என்று விசாரணைக் குழு கூறிற்று. ஆயினும், பெற்றோரிடம் முறையாக இசைவு பெறாமல் விடுதிக் காப்பாளர் பலர் கையெழுத்திட்டமை வெளிப்பட்டு நாடெங்கும் கண்டனம் எழுந்தது. எளியோர் அறியாமையைப் பயன்கொண்டு செய்யும் நன்மையும் நன்மையாகாது என்பதற்கு இது தக்க படிப்பினை.

2010ஆம் ஆண்டு ஏப்பிரலில் அரசு எல்லா ஊசிகளையும் நிறுத்தியது. அதனால், ஆராய்ச்சியிற் சேர்ந்த 17,729 சிறுமியருள் 4,949 பேர் ஒரே ஊசியோடு நின்றனர். தடைப்பட்டது என்று எண்ணிய அதுவே எதிர்பாராத வழியிற் பயன் தந்தது. பல்லாண்டு தொடர்ந்து நோக்கியபோது, ஓர் ஊசி பெற்றாரும் 16, 18ஆம் வகைகள் நிலைபெறுதலினின்று நூற்றுக்கு 95 பங்கு காக்கப்பட்டமை 2021ஆம் ஆண்டில் அறியப்பட்டது. மூன்று ஊசிகளின் செலவை ஒன்றாகக் குறைத்த இவ்வுண்மை ஏழை நாடுகட்கெல்லாம் பெருவாழ்வு. அடுத்த ஆண்டிலேயே உலகச் சுகாதார நிறுவனம் ஓர் ஊசி முறையையும் ஏற்றது. பூனாவிலுள்ள சீரம் நிறுவனம் ஆக்கிய செர்வாவாக் என்னும் ஊசிக்கு 2022ஆம் ஆண்டில் இசைவு கிடைத்தது. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு தன் வரவுசெலவுத் திட்டத்தில், 14 வயதுச் சிறுமியர்க்கு இவ்வகைத் தடுப்பூசியைப் படிப்படியாக வழங்க 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது.

நாணமும் பழியும்

முறையும் உண்டு, மருந்தும் உண்டு. பின்னர்த் தடையாய் நிற்பது யாது? வறுமையும் தொலைவும் ஒருபால், நாணம் மற்றொருபால். உளுந்தூர்பேட்டைக்கு வடக்கே அதே நெடுஞ்சாலையில் உள்ள திண்டிவனத்தில் 1890ஆம் ஆண்டினையடுத்து நிகழ்ந்ததொன்று கல்லூரி மாணவர் பலரும் கேட்டதே. பேற்றுநோவால் வருந்திய மனைவியரைக் காக்குமாறு ஓரிரவில் கணவன்மார் மூவர், ஒருவர்பின் ஒருவராக, அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகளாகிய ஐடாவை வேண்டினர். அவரோ மருத்துவம் கல்லாதவர். தந்தையை அழைத்துச் செல்க என்றபோது, ஆடவர் தொடுதல் ஆகாது என மறுத்து மூவரும் சென்றனர். விடியுமுன் பெண்டிர் மூவரும் மாண்டனர். அதுவே ஐடா ஸ்கடர் மருத்துவம் கற்று, 1900ஆம் ஆண்டில் வேலூரிற் பணி தொடங்கியதற்கும், 1918ஆம் ஆண்டில் மகளிர்க்கு மருத்துவப் பள்ளி நிறுவியதற்கும் காரணமாயிற்று.

அந்நாணம் இன்றும் முற்றும் ஒழிந்திலது. அதனோடு பழியும் சேர்ந்துகொள்கின்றது. உடற்கூட்டுறவால் பரவும் வைரஸ் என்ற அளவில், நோயுற்றாளின் ஒழுக்கத்தை ஐயுறுவாரும் உளர். இது பேதைமை. ஒருவனோடே வாழ்ந்த கற்புடையாளுக்கும் இந்நோய் வரும். வைரஸ் எவ்வாண்டில் எவர் வழிப் புகுந்தது என்பதை, பல்லாண்டு கழித்து வெளிப்படும் நோயைக் கொண்டு ஒருவரும் சொல்லுதல் இயலாது. ஆடவரே பெரும்பாலும் இதனைத் தாமறியாமற் கொணர்கின்றனர் என்பதையும் மறத்தல் ஆகாது. காய்ச்சல் கண்டாளைக் குலம் கோத்திரம் வினவாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வது போலவே இதற்கும் செய்தல் வேண்டும்.

எம் பகுதியும் இவ்வறிவும்

உளுந்தூர்பேட்டை, சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையினின்று சேலத்துச் சாலை பிரியும் இடம். இரவும் பகலும் ஊர்திகள் ஓய்வதில்லை. ஆயினும், அச்சாலையினின்று உள்ளே சென்றால், நாற்று நடவும் கரும்பு வெட்டவும் விடியுமுன் எழும் பெண்டிர் வாழ்வு திண்டுக்கல்லின் ஊர்ப்புறத்துப் பெண்டிர் வாழ்வினின்று வேறுபட்டதன்று. ஆங்குப் பயன்பட்டது ஈங்கும் பயன்படும். 2019ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022ஆம் ஆண்டு சனவரியில் திண்டுக்கல்லிலும் கள்ளக்குறிச்சியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒருசேரத் திறக்கப்பட்டன. ஆகவே, கண்ட நோயைக் களைதற்கு நெடுந்தொலைவு செல்லும் இடர் முன்போல் இல்லை.

கல்வராயன் மலையிலோ நிலைமை வேறு. மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழும் சிற்றூர்கள் அங்கு ஒன்றற்கொன்று சேய்மைக்கண் உள. செவிலியைத் தேடி இறங்குதலும் அரிது. செவிலி ஏறிவருதலும் அரிது. இத்தகைய இடங்கட்கு ஏற்றதொன்று இப்பொழுது கிடைத்துள்ளது. வைரஸைத் தேடும் சோதனைக்கு வேண்டிய கசிவைப் பெண் தானே, மறைவிடத்தில், ஒரு சிறு பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம். பிறர் காணவேண்டும் என்னும் நாணமும் இல்லை. ஒருநாட் கூலி இழப்பும் இல்லை. ஐந்து முதல் பத்து ஆண்டிற்கு ஒருமுறை செய்தல் போதும். வைரஸ் உளதெனக் கண்டாரை மட்டும் மலையினின்று அழைத்துவந்து மேலும் ஆராய்ந்து மருத்துவம் செய்யலாம். ஆனால், சோதித்தபின் கைவிடுதல் கூடாது. கண்டும் களையாத சோதனை, அச்சத்தை மட்டும் அளிப்பதாகவே முடியும்.

முடிவுரை

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு குறிக்கோளை வகுத்தது. 2030ஆம் ஆண்டிற்குள், சிறுமியருள் நூற்றுக்கு 90 பேர் 15 வயதிற்குள் தடுப்பூசி பெறுதல் வேண்டும்; பெண்டிருள் 70 பேர் 35 வயதிற்குள் ஒருமுறையும் 45 வயதிற்குள் மறுமுறையும் சோதனை பெறுதல் வேண்டும்; நோய் கண்டாருள் 90 பேர் மருத்துவம் பெறுதல் வேண்டும். இக்குறிக்கோளை எட்டுதற்கு அரசின் பொருளும் மருத்துவர் திறனும் மட்டும் போதா. தமிழ் கற்றார் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. பெயரற்று நிற்கும் உறுப்பிற்கும் நோய்க்கும் நாணமின்றி வழங்கத்தக்க நல்ல தமிழ்ச் சொற்களை நம் இல்லங்களுட் கொண்டு செல்லுதலே அது.

நண்பர்களே! நம் அன்னையரும் அத்தையரும் 30 வயதைக் கடந்தவர். மாதவிடாய்க்கு இடையேயும், அது நின்ற பின்னரும், கூட்டுறவிற்குப் பின்னரும் குருதி காணுதலும், நாற்றமுள்ள நீர் ஒழுகுதலும் இந்நோய் முற்றியதற்கு அறிகுறிகளாதல் கூடும் என்பதையும், அறிகுறி தோன்றுமுன்னரே சோதனைக்குச் செல்லுதல் வேண்டும் என்பதையும் அவர்க்கு எடுத்துக் கூறுவோமாக. தங்கையர்க்குத் தடுப்பூசி கிடைக்கும் நாளில், அதன் பயனைப் பெற்றோர்க்கு விளக்கி, அவர்தம் அறிந்த இசைவோடு அதனைப் பெறச் செய்வோமாக. திண்டுக்கல் நாட்டுப் பெண்டிர் 80,000 பேர் வாயிலாகப் பெற்ற அறிவு நம்மிடம் உளது. அஃது உளுந்தூர்பேட்டையின் வயல்வெளிகளையும் கல்வராயன் மலைமுகடுகளையும் எட்டுதல், கற்ற நம்மாலும் ஆகவேண்டிய தொண்டு.